பிராக்: இரண்டு சதுக்கம், இரண்டு பால்கனி

நவம்பர் 14: பழைய நகரச் சதுக்கம்

டிரெஸ்டனில் படிக்கும் அக்கா மகனைப் பார்க்கப் போன இடத்தில், "சித்தி, பிராக் இங்கேருந்து ரெண்டரை மணி நேரம்தான், போயிட்டு வந்துடலாம்" என்று கிளப்பிவிட்டான். நவம்பர் குளிரில் ஊர் சுற்ற யாராவது போவார்களா என்று கேட்டேன். "17-ம் தேதி அங்கே இருக்கணும். ஏன்னு அப்புறம் சொல்றேன்" என்றான். சரி, பையன் ஆசைப்படுகிறான் என்று கிளம்பியாயிற்று. ரயில் முதலில் எல்பே ஆற்றையும் பிறகு வல்டாவா ஆற்றையும் ஒட்டியே வருகிறது. ஜன்னலோரம் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள்.

இறங்கும்போது 4 டிகிரி. வெயில் இருந்தது, பேருக்குத்தான். பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேரே பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்தோம். முதல் பார்வையில் வாய் பிளக்காமல் இருக்க முடியாது. ஒரு பக்கம் டீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம், 80 மீட்டர். இன்னொரு பக்கம் நகர மன்றக் கோபுரம். அதன் சுவரில் 1410-ல் வைத்த வானியல் கடிகாரம். மணியடிக்கும் நேரத்துக்கு ஐந்நூறு பேராவது கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எலும்புக்கூடு ஒன்று மணிக்கயிற்றை இழுக்கிறது, மேலே இரண்டு ஜன்னல் திறந்து அப்போஸ்தலர்கள் வரிசையாக எட்டிப் பார்க்கிறார்கள், கடைசியில் தங்கச் சேவல் கூவுகிறது. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்று பல மொழிகளில் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு தரையைப் பார்க்கச் சொன்னான் பையன். கருங்கல் பாவிய தரையில் வெள்ளைக் கற்களால் 27 சிலுவைகள். 1620-ல் வெள்ளை மலைப் போரில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்துப் பேரரசனை எதிர்த்துத் தோற்ற பொஹீமிய (இன்றைய செக் நாட்டு) பிரமுகர்கள் 27 பேரை, 1621 ஜூன் 21-ம் தேதி இந்த இடத்தில் மேடை போட்டுக் கொன்றார்கள். பிரபுக்கள், வீரர்கள், நகரத்தார் எல்லோரும் அதில் உண்டு. 24 பேருக்குத் தலை, 3 பேருக்குத் தூக்கு. சாகிறவர்கள் பேசுவது கூட்டத்தின் காதில் விழாதபடி முரசு அடித்துக்கொண்டே இருந்தார்களாம். யெசேனியஸ் என்ற மருத்துவர், பல்கலைக்கழகத்தின் தலைவர், 1600-ல் இதே ஊரில் பொதுமக்கள் முன்னால் பிணத்தை அறுத்து உடற்கூறு விளக்கியவர். அவர் நாவன்மை மிக்கவர் என்பதால் முதலில் நாக்கை அறுத்து, அப்புறம்தான் தலையை வெட்டினார்கள். 12 பேரின் தலைகளை ஆற்றுப்பாலத்தின் கோபுரத்தில் பத்து ஆண்டுகள் தொங்கவிட்டிருந்தார்கள். பாலத்தில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று.

நான் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் சக்கரப் பெட்டிகளைத் தடதடவென்று அந்தச் சிலுவைகள் மேலேயே இழுத்துக்கொண்டு போனது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சுவரில் பெயர்ப் பலகை இருக்கிறது. எல்லோரும் அதற்கு முதுகு காட்டிக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

சதுக்கத்தின் நடுவே யான் ஹுஸ் சிலை. திருச்சபையின் ஊழலைப் பேசியதற்காக 1415-ல் உயிரோடு எரிக்கப்பட்ட போதகர். ஐந்நூறாவது ஆண்டான 1915-ல் சிலை திறக்க வேண்டும், ஆனால் ஆஸ்திரிய அரசு விழா எதுவும் கூடாது என்றுவிட்டது. ஜனங்கள் சத்தமில்லாமல் வந்து பூவால் சிலையையே மூடிவிட்டார்கள். சற்றுத் தள்ளி மாதா தூண். 1650-ல் ஹாப்ஸ்பர்க் காலத்தில் நிறுவியது. 1918-ல் சுதந்திரம் கிடைத்த ஒரு வாரத்துக்குள் ஒரு கூட்டம் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. பல வருட வாக்குவாதத்துக்குப் பிறகு 2020-ல் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது ஹுஸும் மாதாவும் ஒரே சதுக்கத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இனி பன்றித் தொடை விவகாரம். சதுக்கத்தை ஒட்டிய ஒரு சந்தில் முழுத் தொடையை நெருப்பில் சுழலவிட்டு விற்கிறார்கள். வாசனை ஆளை இழுக்கிறது. பலகையில் 119 கொருனா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. (நாங்கள் போனபோது ஒரு கொருனா சுமார் மூன்றரை ரூபாய்.) அதற்குக் கீழே, குளிர்க் கண்ணாடி போட்டவர் கண்ணுக்குத் தெரியாத அளவில், 100 கிராமுக்கு என்று. பையன் "ஒரு தட்டு" என்றான். கடைக்காரர் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. தராசு 410 காட்டியது, கணக்கு 488 கொருனா. பாதி போதும் என்றதற்கு, வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதுபோல் தோளைக் குலுக்கினார். எங்களுக்குப் பின்னால் நின்ற கொரியப் பெண்ணுக்கும் அதே இழுப்பு, அதே தோள் குலுக்கல். ருசியைக் குறை சொல்ல மாட்டேன். கொழுப்பும் புகையும் கடுகுச் சாந்துமாக நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த ஒரு தட்டைப் பையன் ராத்திரி பத்து மணிக்கும் தின்றுகொண்டிருந்தான்.

ஒன்று கவனித்தேன். அந்தச் சதுக்கத்தில் கழித்த மாலை முழுக்க, விற்கிறவர்களைத் தவிர, அந்த ஊர்க்காரர் என்று சொல்லும்படி ஒருவரும் கண்ணில் படவில்லை.

நவம்பர் 15: குதிரைச் சந்தை

பையன் அவசரப்படுத்தியதெல்லாம் வாட்ஸ்லாவ் சதுக்கத்துக்குத்தான். ஆங்கில வரைபடங்களில் வென்சஸ்லாஸ் என்று இருக்கும். முதலில் எனக்கு ஏமாற்றம். 750 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், மேடேறிப் போகும் ஒரு கடைத்தெரு. இரண்டு பக்கமும் செருப்புக்கடை, சூதாட்ட விடுதி, தாய்லாந்து மசாஜ், பணம் மாற்றும் கூண்டுகள். நடுவே டிராம் குறுக்கே ஓடுகிறது. நேற்றுப் பார்த்த அழகில் கால்வாசி கிடையாது.

1348-ல் நான்காம் சார்லஸ் புதுநகரத்தை அளந்து போட்டபோது இதைக் குதிரைச் சந்தையாக விட்டார். ஐந்நூறு வருடம் அந்தப் பெயர்தான். 1848 புரட்சி ஆண்டில்தான் நாட்டின் காவல் புனிதரான வாட்ஸ்லாவின் பெயர் வைத்தார்கள். சந்தைக்கென்று விட்ட இடம் என்பதால்தான் இவ்வளவு கூட்டம் கொள்கிறது என்று எனக்குத் தோன்றியது. அரண்மனை முற்றம் இந்த மாதிரி நீளாது.

மேட்டின் உச்சியில் தேசிய அருங்காட்சியகம், அதற்கு முன்னால் குதிரை மேல் வாட்ஸ்லாவ். 1918 அக்டோபர் 28-ம் தேதி, இந்தச் சதுக்கத்தில் இருந்த ஒரு பத்திரிகை அலுவலகத்தின் வாசலில் 'போர்நிறுத்தம்' என்று எழுதி ஒட்டினார்கள். ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இந்தச் சிலைக்கு முன்னால் இசிடோர் சாராட்னிக் என்ற பாதிரியார் ஏறி நின்று, செக்கோஸ்லோவாக்கியா சுதந்திர நாடு என்று அறிவித்துவிட்டார். சிலை பீடத்தில் ஒரு பிரார்த்தனை பொறித்திருக்கிறது: எங்களையும் எங்களுக்குப் பின் வருவோரையும் அழிய விடாதே. ஊர்க்காரர்கள் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் "குதிரைகிட்ட வா" என்றுதான் சொல்வார்களாம். நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த காதலர்களே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

அருங்காட்சியகத்தின் தூண்களில் அங்கங்கே வெளிறிய புள்ளிகள். தூரத்திலிருந்து அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் இந்த மேட்டில் ஏறியபோது, இதை வானொலி நிலையம் என்று நினைத்துச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளினார்கள். பின்னால் கட்டடத்தைப் புதுப்பித்தபோது எல்லாத் தழும்பையும் மறைத்துவிடாமல் சிலவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். நெருங்கிப் போய்ப் பார்த்தால் ஒட்டுப் போட்ட கல்லின் நிறம் சரியாகச் சேராமல் தெரிகிறது.

அதன் வாசல் நடைபாதையில் ஒரு வெண்கலச் சிலுவை படுத்தபடி, தரைக்குள்ளிருந்து முட்டி எழுகிற மாதிரி கிடக்கிறது. 1969 ஜனவரி 16-ம் தேதி, யான் பாலாக் என்ற 20 வயது மாணவர் இங்கே தன்மேல் தீ வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் இறந்தார். படையெடுப்பை விட, அதற்கு ஜனங்கள் பழகிப்போவதைக் கண்டுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதமே யான் சாயிட்ஸ் என்ற 18 வயதுப் பையன் இதே சதுக்கத்தின் ஒரு கட்டடத்துக்குள் அதையே செய்தான். அக்கா மகனுக்கு 23. அவன் பேசாமல் நின்றான், நானும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அந்த வருடம் துக்கத்திலேயே போய்விடவில்லை. மார்ச் 28-ம் தேதி ஸ்டாக்ஹோமில் நடந்த உலக ஐஸ் ஹாக்கி போட்டியில் செக்கோஸ்லோவாக்கியா சோவியத் அணியை 4-3 என்று வென்றது. டாங்கால் முடியாததை மட்டையால் முடித்துவிட்டோம் என்று ஊரே இந்தச் சதுக்கத்துக்கு ஓடி வந்தது. இங்கே இருந்த சோவியத் விமான நிறுவன அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. அதையே சாக்காக வைத்து அடுத்த மாதம் மாஸ்கோ, 1968-ல் சீர்திருத்தங்களைத் தொடங்கிய கட்சித் தலைவர் டுப்செக்கைப் பதவியிலிருந்து இறக்கியது.

சாப்பாடு: பக்கத்துத் தெருவில் அலுவலகக்காரர்கள் சாப்பிடும் ஒரு சின்ன இடம். நுழையும்போது எல்லோரும் பொதுவாக "டோப்ரி டென்" என்று வணக்கம் சொல்கிறார்கள், யாரைப் பார்த்து என்றில்லை. நாங்கள் சொல்லாமல் நுழைந்தபோது பரிமாறுகிற அம்மா முறைத்தார். வெளியே போய் மறுபடி நுழைந்து சொல்லலாமா என்று பையன் கேட்டான். குலைடா என்ற சூப் கிடைத்தது. காளான், உருளைக்கிழங்கு, பாலாடை, சோயிக்கீரை, மேலே ஒரு அவித்த முட்டை, லேசான புளிப்பு. 85 கொருனா. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம். புளிப்பு இருந்தால் நம் நாக்கு எங்கேயும் சமாதானம் ஆகிவிடுகிறது.

நவம்பர் 16: மழை, மதுக்கூடம், ஒற்றைச் சாவி

காலையிலிருந்து மழை. நாலேகாலுக்கு இருட்டிவிட்டது. லூட்செர்னா என்ற பழைய கட்டடத்துக்குள் ஒதுங்கினோம். கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த நாடகாசிரியர், பின்னால் ஜனாதிபதியான ஹாவெலின் தாத்தா கட்டியது. உள்ளே கூரையிலிருந்து ஒரு செத்த குதிரை தலைகீழாகத் தொங்குகிறது, அதன் வயிற்றின் மேல் வாட்ஸ்லாவ் உட்கார்ந்திருக்கிறார். டேவிட் செர்னி 1999-ல் செய்த சிற்பம். வெளியே இருக்கும் புனிதரைக் கிண்டல் பண்ணி கொஞ்ச தூரம் தள்ளி இப்படித் தொங்கவிட முடிகிறது, யாரும் உடைக்கவில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ராத்திரி ஒரு மதுக்கூடம். நான் குடிப்பதில்லை, பையன் "ஒண்ணே ஒண்ணு சித்தி" என்றான். இங்கே மேஜையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எதிர் நாற்காலியைத் தொட்டுக் காட்டி, தலையசைப்பு வாங்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகிறார். எனக்குக் கொஃபோலா, கம்யூனிஸ்ட் காலத்தில் கோலாவுக்குப் பதிலாகக் கண்டுபிடித்த பானம். அதிமதுரம் போட்ட கஷாயத்தில் சர்க்கரை கூடிப்போன மாதிரி இருக்கிறது. பொரித்த பாலாடைக்கட்டி 195 கொருனா. அதைவிட மலிவாக பீர் கிடைக்கிறது, தண்ணீர் பாட்டில் பீரைவிட விலை அதிகம்.

பெரியவருக்கு ஜெர்மன் தெரிந்திருந்தது, பையனுக்கும். நாளைக்காக வந்திருக்கிறோம் என்றதும் பேச ஆரம்பித்தார்.

விஷயம் இது. 1939-ல் ஜெர்மானியர்களுக்கு எதிரான ஊர்வலத்தில் சுடப்பட்டு இறந்த மருத்துவ மாணவர் யான் ஒப்லெட்டால். அவர் இறுதி ஊர்வலத்துக்குப் பிறகு, அந்த வருடம் நவம்பர் 17-ல் நாஜிகள் பல்கலைக்கழகங்களை மூடி, மாணவர் தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1989 நவம்பர் 17-ல் அதை நினைவுகூர மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். அனுமதி பெற்ற ஊர்வலம்தான். முடிந்தபின் கலையாமல் வாட்ஸ்லாவ் சதுக்கத்தை நோக்கித் திரும்பினார்கள். நாரோட்னி தெருவில் போலீஸ் இரண்டு பக்கமும் அடைத்து அடித்து நொறுக்கியது. ஒரு மாணவர் செத்துப்போனார் என்று வதந்தி வேறு. அது பொய் என்று தெரிவதற்குள் ஊர் கொதித்துவிட்டது.

"நீங்கள் அன்று எங்கே இருந்தீர்கள், ஐயா?" என்று கேட்கச் சொன்னேன்.

"அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஆனால் நாங்கள் எல்லோரும் கிராமத்துக் குடிசைக்குப் போய்விடுவோம். அரசாங்கத்துக்கும் அது வசதி, எங்களுக்கும் வசதி. நான் ஆப்பிள் மரத்துக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தேன்" என்றார். திங்கட்கிழமை ஊருக்குத் திரும்பியவர், செருப்பு வாங்கலாம் என்று சதுக்கத்தில் இறங்கினாராம். கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் குதிரைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டது. அந்த வாரம் முழுக்கக் கூட்டம் சாவிக்கொத்தை ஆட்டிச் சத்தம் போடும், மணி அடித்தாயிற்று, வீட்டுக்குக் கிளம்பு என்று ஆட்சிக்குச் சொல்கிற மாதிரி. இவர் பாக்கெட்டில் இருந்தது கிராமத்துக் குடிசையின் பெரிய இரும்புச் சாவி மட்டும். "ஒற்றைச் சாவியை ஆட்டினால் என்ன சத்தம் வரும்? விளக்குக் கம்பத்தில் தட்டினேன்" என்று மேஜையில் தட்டிக் காண்பித்தார். செருப்பு வாங்கினாரா என்று கேட்டேன். கடையைப் பூட்டிவிட்டு விற்கிறவர்களும் வெளியே வந்து நின்றிருந்தார்களாம்.

"அன்னைக்கு அங்கே நின்றேன் என்று இப்போது சொல்கிறவர்களை எல்லாம் நிற்க வைத்தால் சதுக்கம் வியன்னா வரைக்கும் நீளும்" என்றார் போகும்போது. அவர் சீட்டில் ஏழு கோடு இருந்தது.

நவம்பர் 17: மெழுகு

காலையிலேயே நாரோட்னி தெரு நிறைந்துவிட்டது. மாணவர்களை மடக்கி அடித்த இடத்தில், ஒரு கட்டட வளைவுக்குக் கீழே, விரல்களை விரித்து உயர்த்திய கைகளைக் காட்டும் சின்ன வெண்கலப் பலகை இருக்கிறது. அதில் தேதி மட்டும்தான். பலகைக்குக் கீழே ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்திகள், சிவப்பும் வெள்ளையுமான கிண்ணங்களில். இத்தனை நெருக்கத்தில் அனல் முகத்தில் அடிக்கிறது, 3 டிகிரி குளிரில் அந்த ஒரு மூலை மட்டும் அடுப்படி. வழிந்த மெழுகு நடைபாதைக் கற்களின் இடுக்குகளை நிரப்பி, என் காலணி அடியில் ஒட்டிக்கொண்டு, அறைக்கு வந்தபின் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

என் மெழுகுவர்த்தி காற்றில் பற்ற மாட்டேன் என்றது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, என்னைக் கேட்காமலேயே அதை வாங்கி, தன் கோட்டை விரித்துக் காற்றை மறைத்து, தன்னுடையதிலிருந்து பற்றவைத்துக் கையில் கொடுத்தார். சிரிப்பில்லை, பேச்சில்லை, அடுத்த ஆளுக்குத் திரும்பிவிட்டார். இந்த ஊர்க்காரர்களின் மரியாதை இப்படித்தான். முகம் கொடுக்க மாட்டார்கள், கை கொடுப்பார்கள். டிராமிலும் அப்படியே. என் தலை நரையைப் பார்த்ததும் ஒரு பையன் எழுந்து போனான், உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

நமக்கு இந்தத் தேதியில் இன்னொரு கணக்கும் உண்டு. கமில் சுவலபில் பிறந்தது இதே பிராக்கில், 1927 நவம்பர் 17-ல். சங்க இலக்கியத்தையும் சித்தர் பாடல்களையும் உலகுக்கு எடுத்துச் சொன்ன மனிதர், 1968 படையெடுப்புக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். பின்னால் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். டாங்குகள் அந்த மேட்டில் ஏறியதில் தமிழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று பையனிடம் சொன்னேன். அவனுக்குப் பெயரே தெரியவில்லை. பொறியியல் படித்தவனை என்ன சொல்வது.

மாலை வாட்ஸ்லாவ் சதுக்கம். மேடை போட்டுப் பாட்டு. தோளில் குழந்தைகள், கையில் சுடச்சுட மசாலா ஒயின். 1989 கூட்டங்களில் தலைவர்கள் நின்று பேசிய மெலன்ட்ரிக் கட்டடத்தின் பால்கனி எங்கே என்று இப்போதுதான் தேடிக் கண்டுபிடித்தேன். அங்கே ஒரு சின்னக் கட்சியின் பத்திரிகை அலுவலகம் இருந்தது, கம்யூனிஸ்டுகளுக்கு வால் பிடித்த கட்சிதான். அந்த வாரம் திடீரென்று துணிச்சல் வந்து பால்கனியைத் திறந்துவிட்டார்கள். இருபது வருடம் பாடத் தடை விதிக்கப்பட்ட மார்த்தா குபிஷோவா அங்கே வந்து பாடினார். 23-ம் தேதி, கம்யூனிஸ்ட் கட்சியின் நகரச் செயலாளர் ஒரு பெரிய ஆலைக்குப் போய், ஜனாதிபதி யார் என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் முடிவு செய்ய எந்த நாட்டில் விடுவார்கள் என்று கேட்டார். "நாங்கள் பிள்ளைகள் இல்லை!" என்று தொழிலாளர்கள் கத்தினார்கள். அப்புறம் ஆயிரக்கணக்கில் சதுக்கத்துக்கு நடந்து வந்தார்கள். மாணவர் விவகாரம் என்று தட்டிக்கழிக்க அதன்பின் வழியில்லை. 24-ம் தேதி ஹாவெலும் டுப்செக்கும் அதே பால்கனியில் சேர்ந்து நின்றார்கள். அன்று மாலையே கட்சித் தலைமை மொத்தமும் ராஜினாமா. டிசம்பர் 29-ல் ஹாவெல் ஜனாதிபதி. அதே வருடம் ஜனவரியில், பாலாக்குக்குப் பூ வைக்க வந்ததற்காக இதே சதுக்கத்தில் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் போட்ட ஆள் அவர்.

பால்கனி ரொம்பச் சின்னது. தேடினால்தான் தெரியும். கீழே கடை, விற்பனை நடந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களில் உக்ரைன் கொடியோடு இந்தச் சதுக்கம் நிரம்பியது. அதே செப்டம்பரில், மின்கட்டணமும் விலைவாசியும் எகிறியபோது, உக்ரைனை விட்டு நம் வயிற்றைப் பாருங்கள் என்று அரசாங்கத்துக்கு எதிராக சுமார் 70,000 பேர் இதே இடத்தில் நின்றார்கள். இரண்டு தரப்பும் தங்களைத்தான் 1989-ன் வாரிசு என்கிறார்கள். இங்கே கூட்டம் போட அனுமதி வாங்க வேண்டியதில்லை. 1990-ல் போட்ட சட்டப்படி, ஐந்து நாள் முன்னதாக மாநகராட்சிக்குத் தெரிவித்தால் போதும். காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் நடந்து செருப்புத் தேய்ந்த நம் ஊர்ச் சங்கக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

பொதுக் கழிப்பறை 20 கொருனா. அந்த அம்மா தாள் வாங்க மாட்டார், சில்லறை கொடுத்தால்தான் கதவு.

நவம்பர் 18: லெட்னா மேடு, மறுபடி பழைய நகரம்

1989-ல் கடைசியில் அந்த 750 மீட்டரும் போதவில்லை. 25, 26 தேதிகளில் ஆற்றுக்கு அக்கரையில் லெட்னா மேட்டு வெளிக்குப் போனார்கள், லட்சக்கணக்கில். 2019-ல் பிரதமர் பாபிஷுக்கு எதிராகக் இரண்டரை லட்சம் பேர் கூடியதாக நடத்தியவர்கள் கணக்குச் சொன்னதும் அங்கேதான். படி ஏறி என் முழங்கால் போய்விட்டது. மேலே, ஊரைப் பார்த்தபடி, 1955-ல் ஸ்டாலினுக்குப் பதினைந்து மீட்டருக்கு மேல் உயரமான கற்சிலை வைத்தார்கள். செய்த சிற்பி திறப்பு விழாவுக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார். ஏழு வருடத்தில் அவர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது பீடத்தின் மேல் ஒரு ராட்சதத் தாளமானி ஊசலாடுகிறது, கீழே சக்கரப்பலகைப் பையன்கள் கடகடவென்று விழுந்து எழுகிறார்கள்.

இறங்கிப் பழைய நகரச் சதுக்கத்துக்கு வந்தோம். கிறிஸ்துமஸ் சந்தைக்கு மரக்கடைகள் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆணி அடிக்கிறவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், முதல் நாள் நான் தேடியவர்கள். கின்ஸ்கி மாளிகையின் இளஞ்சிவப்புச் சுவரை இந்த முறை நன்றாகப் பார்த்தேன். காஃப்கா படித்த பள்ளி அதற்குள் இருந்தது, அவர் அப்பாவின் கடை தரைத்தளத்தில். அதன் பால்கனியில்தான் 1948 பிப்ரவரி 21-ம் தேதி, பனி கொட்டும் காலையில், கம்யூனிஸ்ட் தலைவர் கோட்வால்ட் நின்று பேசினார். கட்சி திரட்டி வந்த கூட்டம் கீழே. நாலு நாளில் ஆட்சி கம்யூனிஸ்டுகள் கையில். பக்கத்தில் நின்ற கட்சித் தோழர் கிளெமென்டிஸை 1952-ல் அவர்களே தூக்கிலிட்டுவிட்டு, அன்று எடுத்த புகைப்படத்திலிருந்தும் அழித்தார்கள். இந்தப் பால்கனி வழியாக வந்தவர்களை அந்தக் குட்டிப் பால்கனி அனுப்பிவைக்க 41 வருடம் ஆயிற்று.

அழகான சதுக்கம் அரசாங்கத்துக்கு, அசிங்கமான சதுக்கம் ஜனங்களுக்கு என்று சுலபமாக எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். பையன் விடவில்லை. 1998 நாகானோ ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கி இறுதியாட்டத்தில் ரஷ்யாவை 1-0 என்று வென்ற காலையில், ஊர்க்காரர்கள் திரை கட்டிப் பார்த்தது இங்கேதானாம், கடிகாரத்துக்குக் கீழே, பல்லாயிரம் பேர். ஆக, சந்தோஷத்துக்கு இங்கே, சண்டைக்கு அங்கே. அது சரியாகத்தான் படுகிறது. சண்டை போட வந்தவர்களுக்கு ஓடித் தப்ப நிறையத் தெருக்கள் வேண்டும், அந்த வசதி அங்கேதான் அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

நகர மன்றத்தின் ஒரு சிறகு 1945 மே 8-ம் தேதி, போர் முடிகிற நேரத்தில், தீப்பிடித்து இடிந்துபோனது. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, சில மரங்களும் பெஞ்சுகளும். என்ன கட்டலாம் என்று போட்டி மேல் போட்டி வைத்தும் முடிவாகவில்லை. உட்கார இடம் கிடைத்ததே என்று நாங்கள் அங்கேதான் உட்கார்ந்தோம்.

பக்கத்து பெஞ்சில் சூரத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, முகம் வாடிப்போய். சதுக்கத்து ஓரம் ஒரு கூண்டில் 200 யூரோ மாற்றியிருக்கிறார்கள். வங்கியில் 25 கொருனா தருகிற யூரோவுக்கு அங்கே 17. கமிஷன் இல்லை என்று மட்டும் பெரிதாக எழுதியிருந்ததாம். பையன் ரசீதில் நேரம் பார்த்தான், முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. 2019-ல் இங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஆயிரம் யூரோ வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போனால் ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டாம். நாலு பேரும் போனோம். கூண்டில் இருந்தவர் முதலில் செக் மொழியில் ஏதோ சொன்னார், பிறகு ஆங்கிலத்தில் முடியாது என்றார். பையன் சட்டத்தைக் கைப்பேசியில் அவர்கள் மொழியிலேயே எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினான். நாலு ஐம்பது யூரோத் தாள் வெளியே வந்தது.

அந்த அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு பொட்டலம் தேப்லா ரொட்டியும் மாங்காய்ச் சுந்தா ஊறுகாயும் எடுத்துத் திணித்தார். வேண்டாம் என்று ஒப்புக்குச் சொன்னேன். மத்தியானம் வாங்கிய முட்டைக்கோஸ் ரொட்டியைப் பையிலேயே விட்டுவிட்டோம். ரயில் ஜெர்மனி எல்லையைத் தொடுவதற்குள் பொட்டலம் காலி.